டிஸ்ப்ளே வராத 4 ஜிபி: ஒரு பழைய ஜி41 கணினிக்கு ரேம் தேடிய கதை

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். பேருந்து நிலையத்துக்கு எதிரே அண்ணாச்சி ஒருவர் டிடிபி சென்டர் நடத்துகிறார். கல்யாணப் பத்திரிகை, பில் புக், காதுகுத்து பேனர் எல்லாம் அங்கே தயாராகும். போன வருடம் ஒரு மாலை, சிபியு பெட்டியை டிவிஎஸ் 50-ல் கட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "போர்டு போயிடுச்சாம் தம்பி. புது போர்டு, புது பிராசசர் எல்லாம் மாத்தணும்னு கடையில சொல்லிட்டாங்க. நீயும் ஒருவாட்டி பாத்துச் சொல்லு."

நடந்தது இதுதான். கணினி மெதுவாக ஓடுகிறது என்று ரேம் கூட்ட ஆசைப்பட்டிருக்கிறார். கடையில் டிடிஆர்3 தலைமுறை, 4 ஜிபி, 1600 வேகம் என்று புது ரேம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். மாட்டினால் டிஸ்ப்ளே வரவில்லை. விட்டுவிட்டு பீப் சத்தம் மட்டும். ஸ்லாட்டை மாற்றிப் பார்த்தும் அதே சத்தம். பெட்டியைக் கடைக்கே கொண்டுபோனதும், "பழைய போர்டு அண்ணாச்சி, அதான்" என்று முடித்துவிட்டார்கள்.

பெட்டியைத் திறந்து புது ரேமைக் கழற்றிவிட்டுப் பழைய 2 ஜிபியை மட்டும் மாட்டினேன். ஒரே ஒரு பீப், நேராக விண்டோஸுக்குப் போய்விட்டது. போர்டு சாகவில்லை. புது ரேமை என்னிடம் இருந்த, சற்றுப் புதிய எச்61 போர்டுக் கணினியில் போட்டேன். அங்கே 4 ஜிபி முழுதாகக் காட்டி, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரல் ஒரு சுற்று ஓடியும் ஒரு பிழைகூட இல்லை. ரேமும் சாகவில்லை. இரண்டும் நன்றாக இருக்கின்றன, ஆனால் சேர்ந்து வாழ மாட்டேன் என்கின்றன. இந்த இடத்தில்தான் பலரும் ஏதோ ஒன்றைப் பழுது என்று முடிவுகட்டிப் பணத்தை விடுகிறார்கள்.

பெட்டிக்குள் இருந்தது

2010-ல் அசெம்பிள் செய்த கணினி. பிராசசர் இன்டெல் கோர் 2 டூயோ இ7500, 2.93 கிகாஹெர்ட்ஸ். போர்டில் இன்டெல் ஜி41 சிப்செட், அதாவது பிராசசரையும் ரேமையும் இணைக்கும் சிப். ரேமுக்கு இரண்டே ஸ்லாட். ஒன்றில் 2 ஜிபி டிடிஆர்3, மற்றது வாங்கிய நாள் முதல் காலி. விண்டோஸ் 7, 32 பிட்.

இவ்வளவு பழசை ஏன் கட்டி அழ வேண்டும் என்று கேட்கலாம். நானும் கேட்டேன். பெட்டியின் பின்பக்கத்தைக் காட்டினார். பேரலல் போர்ட்டில் மென்பொருளுக்குச் சாவி மாதிரி ஒரு டாங்கிள், அதன் முதுகில் அகலமான டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் கேபிள். அவருடைய தமிழ் எழுத்துரு மென்பொருள் அந்த டாங்கிள் இல்லாமல் திறக்காது. விற்றவர்கள் கடையை மூடிவிட்டார்கள். பதினைந்து வருடப் பத்திரிகை ஃபைல்கள் எல்லாம் அந்தப் பழைய எழுத்துருவில் இருக்கின்றன. கார்பன் வைத்த பில் அடிக்க டாட் மேட்ரிக்ஸும் வேண்டும். புதுக் கணினி வாங்கினாலும் இந்தப் பெட்டி மேசையை விட்டுப் போகாது. சரி, அப்படியானால் ரேம்தான்.

அதற்கு முன் ரேம்தான் குறையா என்று பார்க்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் சாகக் கிடந்தாலும், பிராசசர் ஃபேனில் தூசி அடைத்தாலும் கணினி மெதுவாகத்தான் ஓடும். அவருடைய வழக்கமான வேலையை என் முன்னாலேயே செய்யச் சொன்னேன். ஃபோட்டோஷாப்பில் ஒரு பேனர், பக்கத்தில் கோரல்டிரா, பிரவுசரில் நான்கு டேப். டாஸ்க் மேனேஜரில் மெமரி 94 சதவீதம். ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையவே இல்லை. ரிசோர்ஸ் மானிட்டரில் 'ஹார்ட் ஃபால்ட்' எண்ணிக்கை மேலேயே நின்றது. அதாவது ரேமில் இடமில்லாமல் விண்டோஸ் டிஸ்க்குக்கும் ரேமுக்கும் நடுவே சாமான் சுமந்துகொண்டிருக்கிறது. பிராசசரோ பாதி நேரம் சும்மா இருந்தது.

கணக்குப் போட்டாலும் அதுதான் வருகிறது. 10 அடிக்கு 8 அடி பேனர், அங்குலத்துக்கு 72 புள்ளி என்றால் 8640 × 6912, ஏறக்குறைய 6 கோடி புள்ளிகள். அச்சுக்கான நான்கு நிற முறையான சிஎம்ஒய்கே-யில் ஒரு புள்ளிக்கு 4 பைட். ஒரே ஒரு லேயருக்குச் சுமார் 240 எம்பி. மாமன்மார் படம் ஒரு லேயர், தலைவர் படம் ஒரு லேயர், பின்னணிப் பூ ஒரு லேயர் என்று போனால் 2 ஜிபி எந்த மூலைக்கு? அண்ணாச்சியின் பேனர்களில் மாமன்மார் எண்ணிக்கை எப்போதும் அதிகம்.

எட்டா, பதினாறா

இப்போது அந்த 4 ஜிபி ரேமுக்கு வருவோம். டிடிஆர்3 என்ற பெயர் சரி. 240 பின், நடுப் பள்ளம் சரியான இடத்தில் இருக்கிறது, ஸ்லாட்டில் ஒழுங்காக உட்காருகிறது. டிடிஆர்2-வுக்கும் 240 பின்தான், ஆனால் பள்ளம் வேறு இடத்தில் என்பதால் மாற்றி மாட்ட முடியாது. 1600 வேகமும் சிக்கல் இல்லை. வேகமான ரேம் மெதுவான போர்டில் போர்டின் வேகத்துக்கு இறங்கி ஓடும். போர்டின் கையேடும் 'அதிகபட்சம் 8 ஜிபி' என்கிறது. இரண்டு ஸ்லாட், ஆளுக்கு 4 ஜிபி. காகிதத்தில் எல்லாம் பொருந்துகிறது.

ரேமைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் 8 கறுப்புச் சிப்புகள். மறுபக்கம் மொட்டை. லேபிளில் 4ஜிபி 1ஆர்×8 என்று இருந்தது, அதாவது 8 பிட் அகலச் சிப்புகள் ஒரே அணியாக. காரணம் இதிலேயே இருந்தது.

4 ஜிகாபைட் என்பது 32 கிகாபிட். அதை 8 சிப்பில் அடக்கினால் ஒரு சிப்புக்கு 4 கிகாபிட். 16 சிப்பில் பிரித்தால் ஒரு சிப்புக்கு 2 கிகாபிட். கொள்ளளவு ஒன்றுதான், ஆனால் உள்ளே இருக்கும் சரக்கு வேறு. ஜி41 சிப்செட்டுக்கு 2 கிகாபிட் சிப் வரைதான் தெரியும்.

ஏன் தெரியாது? ரேம் சிப்புக்குள் தகவல் வரிசை வரிசையாக இருக்கிறது. எந்த வரிசை வேண்டும் என்பதை, ஜி41-க்குள் இருந்து ரேமை ஆளும் மெமரி கன்ட்ரோலர் முகவரிக் கம்பிகள் வழியாகச் சொல்லும். 2 கிகாபிட் சிப்பில் 32,768 வரிசைகள். அதைச் சொல்ல 15 பிட் போதும். 4 கிகாபிட் சிப்பில் 65,536 வரிசைகள். 16 பிட் வேண்டும். ஆறு கட்டம் உள்ள படிவத்தில் ஏழு இலக்க எண்ணை எழுதச் சொன்ன மாதிரி, அந்தக் கடைசிப் பிட்டை எழுத ஜி41-இடம் கட்டமே கிடையாது. சில போர்டுகள் இப்படிப்பட்ட ரேமைப் பாதி அளவாகக் காட்டும், சில துவங்கவே மறுக்கும். அண்ணாச்சியின் போர்டு இரண்டாவது ரகம்.

இதில் யாருடைய பிழையும் இல்லை. ஜி41 வந்தது 2008-ல். 4 கிகாபிட் டிடிஆர்3 சிப்புகள் கடைகளில் பரவியது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. கையேடு எழுதியவர்கள் '4 ஜிபி ரேம்' என்று எழுதியபோது 16 சிப் ரேமைத்தான் நினைத்திருப்பார்கள். அன்று இருந்தது அதுதான். கோர் 2 காலம் வரை இன்டெல் கணினிகளில் மெமரி கன்ட்ரோலர் பிராசசருக்குள் இல்லை, சிப்செட்டில் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே பிராசசரை மாற்றினாலும் இந்த எல்லை மாறாது. போர்டின் அடிப்படை மென்பொருளான பயோஸுக்கு அப்டேட் போட்டால் சரியாகுமா என்று நானும் ஒருகாலத்தில் ஒரு மதியத்தை வீணடித்திருக்கிறேன். இல்லாத கம்பியை மென்பொருள் கொண்டு இழுக்க முடியாது.

இதே கதை ஒரு படி மேலேயும் நடக்கும். எச்61 காலத்துப் போர்டுகளில் 16 சிப் உள்ள 8 ஜிபி டிடிஆர்3 ஓடும். 8 சிப் மட்டும் உள்ள 8 ஜிபி ஓடாது. அங்கே எல்லை 4 கிகாபிட்.

எவ்வளவு வேண்டும் என்ற கேள்வி

காரணம் கிடைத்த உற்சாகத்தில் 16 சிப் உள்ள 4 ஜிபி இரண்டு தேடிப்பிடித்து மொத்தம் 8 ஜிபி ஆக்கிவிடலாம் என்று கிளம்பினேன். பாதி வழியில்தான் விண்டோஸ் 32 பிட் என்பது உறைத்தது. இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். ரேமை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்க்கும் சுவாரசியத்தில் விட்டுவிட்டேன்.

32 பிட்டில் முகவரி மொத்தமே 4 ஜிபிக்குத்தான். அதிலும் கிராபிக்ஸ், மற்ற கார்டுகள் எல்லாம் தங்கள் பங்குக்கு முகவரி எடுத்துக்கொள்ளும். மிச்சம் மூன்றேகால் ஜிபி அளவில் நிற்கும். 8 ஜிபி போட்டாலும் விண்டோஸ் 7-ன் 32 பிட் பதிப்பு அதற்கு மேல் தொடாது. 64 பிட்டுக்கு மாறலாம்தான், பிராசசர் தாங்கும். ஆனால் அந்த டாங்கிளுக்கு 64 பிட் டிரைவர் கிடையாது. பழைய மென்பொருளில் 16 பிட் துண்டு ஏதாவது இருந்தால் 64 பிட் விண்டோஸ் அதைத் திறக்கவே திறக்காது.

"அப்ப எட்டு வேண்டாமா?" என்றார் அண்ணாச்சி, கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"நாலு போதும் அண்ணாச்சி. எட்டு வாங்கினாலும் மூணே சொச்சம்தான் உங்க கைக்கு வரும்."

இன்னொரு கணக்கும் இதற்குப் பொருந்தி வந்தது. 32 பிட் விண்டோஸில் ஒரு புரோகிராம் வழக்கமாக 2 ஜிபி முகவரிக்கு மேல் எடுக்க முடியாது. ஃபோட்டோஷாப்புக்கு அதில் பெரும்பங்கு, விண்டோஸுக்கும் பிரவுசருக்கும் ஒரு ஜிபி சொச்சம் என்று பிரித்தால் அவருடைய வேலை அடங்கிவிடும். ஆக, தேவை இன்னொரு 2 ஜிபி ரேம். அவ்வளவுதான். அதுவும் நல்லதற்கே. 2 ஜிபி ரேமில் 8 சிப் இருந்தாலும் ஒவ்வொன்றும் 2 கிகாபிட்தான், 16 இருந்தால் 1 கிகாபிட். ஜி41 இரண்டையும் ஏற்கும். இரண்டு ஸ்லாட்டிலும் 2 ஜிபி என்று சமமாக இருந்தால், இரண்டு ரேமையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் டூயல் சேனலும் கிடைக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல், சிஸ்டம் ரேமிலிருந்தே திரைக்கும் எடுத்துக்கொள்ளும் இந்த மாதிரிப் பெட்டிக்கு அது உதவும்.

தேடிய படலம்

புதிதாக 2 ஜிபி டிடிஆர்3 இப்போது கடைகளில் சுலபமாகக் கிடைப்பதில்லை. அலுவலகங்கள் கழித்துப்போடும் கணினிகளைப் பிரித்து விற்கும் கடைதான் வழி. மதுரையில் எனக்குத் தெரிந்த ஒரு கடையில் பிளாஸ்டிக் டப்பா நிறைய ரேம் கிடந்தது. கொட்டிப் பார்ப்பதில் ஒரு தனி இன்பம் உண்டு, மறுக்கமாட்டேன்.

லேபிளில் பிசி3-10600 என்று இருந்தால் அது 1333 வேகம். 12800 என்றால் 1600. இரண்டில் எது கிடைத்தாலும் சரி; இ7500-ன் பஸ் வேகம், அதாவது சிப்செட்டோடு அது பேசும் வேகம், 1066 என்பதால் இந்தக் கணினியில் ரேமும் 1066-ல்தான் ஓடப்போகிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஓர் எழுத்துதான் முக்கியம். யூ என்றால் சாதாரண டெஸ்க்டாப் ரேம். எஸ் என்றால் லேப்டாப்புக்கான குட்டை ரேம். ஆர் என்றால் சர்வருக்கான ரிஜிஸ்டர்டு ரேம். டப்பாவில் இந்த ஆர் வகைதான் அதிகம், விலையும் சல்லிசு. '4 ஜிபி, 8 ஜிபி எல்லாம் இந்த விலைக்கா' என்று கை தானாகப் போகும். டெஸ்க்டாப் போர்டில் அது ஓடாது.

இணையத்தில் தேடினால் இன்னொரு பொறி காத்திருக்கிறது. 'ஏஎம்டி போர்டுக்கு மட்டும்' என்று சின்ன எழுத்தில் போட்டு விற்கும் ரேம். 16 சிப் இருக்கும், புதுசாகப் பளபளக்கும். ஆனால் அதில் உள்ளவை 8 பிட் அகலச் சிப்புகள் அல்ல, 4 பிட் அகலம். அப்படிப்பட்ட சிப்பை அந்தக் கால ஏஎம்டி பிராசசருக்குள் இருந்த கன்ட்ரோலர் ஏற்கும், இன்டெல் டெஸ்க்டாப் சிப்செட்கள் ஏற்காது. எண்ணிப் பார்த்து 16 இருக்கிறதே என்று நம்பி வாங்கினால் ஏமாறுவோம். லேபிளில் ×8 என்று இருக்கிறதா, ×4 என்று இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

லேபிள் கிழிந்திருந்தால் சிப்பின் மேலேயே படிக்கலாம். சாம்சங் சிப்பில் கே4பி2ஜி0846 என்று துவங்கினால் 2 கிகாபிட், கே4பி4ஜி0846 என்றால் 4 கிகாபிட். ஹைனிக்ஸில் எச்5டிகியூ2ஜி83, எச்5டிகியூ4ஜி83. நடுவில் வரும் 2ஜி, 4ஜி-தான் துப்பு. ஃபோனில் எல்லோரும் 4ஜி தாண்டிப் போய்விட்ட காலத்தில் நான் லென்ஸ் வைத்து 2ஜி தேடிக்கொண்டிருந்ததைக் கடைக்காரர் வேடிக்கை பார்த்தார். எச்5டிசி என்று இருந்தால் அது 1.35 வோல்ட் வகை. டிடிஆர்3-ன் வழக்கமான 1.5 வோல்ட்டிலும் ஓடும்படி செய்தது, ஆகவே ஒதுக்க வேண்டியதில்லை.

பழைய ரேமைப் போலவே 2ஆர்×8 (இரண்டு அணி, 16 சிப்), பிசி3-10600யூ என்று எழுதிய ஒன்று கிடைத்தது. கம்பெனி வேறு. பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டேன். மாற்றித் தரச் சம்மதமா என்று முதலிலேயே கேட்டு வாங்கினேன். அது எவ்வளவு நல்லதாகப் போனது என்று இதோ சொல்கிறேன்.

ஓடுவது வேறு, சரியாக ஓடுவது வேறு

மாட்டினோம். டிஸ்ப்ளே வந்தது, 4096 எம்பி என்று எண்ணியது. அண்ணாச்சி முகத்தில் வெளிச்சம். உடனே எடுத்துக்கொண்டு போகத் தயாரானார். ஒரு ராத்திரி இருக்கட்டும் என்று நிறுத்திவைத்தேன்.

மெம்டெஸ்ட்86+ பென்டிரைவிலிருந்து ஓடியது. முதல் சுற்று சுத்தம். இரண்டாம் சுற்று முடிவதற்குள் திரையில் சிவப்பு வரிகள். ஒருவேளை இரண்டு கம்பெனி ரேமும் ஒத்துவரவில்லையோ, இல்லை ஸ்லாட்டோ? இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி பொறுமை. பழையதை மட்டும் முதல் ஸ்லாட்டில் போட்டு ஓட்டினேன், சுத்தம். அதையே இத்தனை வருடம் காலியாகக் கிடந்த இரண்டாம் ஸ்லாட்டில் போட்டேன். முதலில் டிஸ்ப்ளே வரவில்லை. பிரஷ்ஷால் தூசி தட்டிவிட்டு மறுபடி மாட்டியதும் வந்தது, பிழையில்லை. மதுரை ரேமை மட்டும் போட்டேன், சிவப்பு. பென்சில் ரப்பரால் அதன் தங்கப் பற்களைத் தேய்த்துத் துடைத்துப் போட்டேன், மறுபடி சிவப்பு. ஸ்லாட்டை மாற்றியும் சிவப்பு. குற்றவாளி ரேம்தான்.

இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் கணினி பல நாள் ஓடியிருக்கும். அப்புறம் ஒருநாள் பத்திரிகை ஃபைல் சேமிக்கும்போது நீலத்திரை வரும், இல்லை ஃபைல் திறக்காமல் போகும். அன்றைக்கும் 'பழைய போர்டு, அதான்' என்ற பதில்தான் கிடைத்திருக்கும்.

மறுவாரம் மதுரை போய் மாற்றினேன். இந்தத் தடவை கிடைத்தது 1ஆர்×8, ஒரு பக்கச் சிப். பழையது இருபக்கம், இது ஒருபக்கம். ஜோடி பார்க்க அழகாக இல்லை. ஆனால் ராத்திரி முழுக்க ஓடிக் காலையில் ஆறு சுற்று, பிழை பூஜ்யம். எனக்கு அழகைவிட அதுதான் வேண்டும்.

கணினியின் உறுப்பு விவரங்களைக் காட்டும் சிபியு-இசட் நிரலைப் போட்டுக் காட்டியபோது அண்ணாச்சிக்கு ஒரு சந்தேகம். "1333-னு சொன்னே, இங்க 533-னு காட்டுதே?" டிடிஆர் ரேம் ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை தகவல் அனுப்பும், 533-ஐ இரட்டிப்பாக்கினால் 1066. பிராசசரின் பஸ் வேகத்துக்கு ரேம் இறங்கி நிற்கிறது. 'டூயல்' என்ற சொல்லையும் பக்கத்திலேயே காட்டினேன். திருப்தியானார்.

விண்டோஸ் '4.00 ஜிபி (3.24 ஜிபி பயன்படும்)' என்று காட்டியது. ஃபோட்டோஷாப்பின் மெமரி ஒதுக்கீட்டைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். அதே மாமன்மார் பேனரைத் திறந்தோம். முன்பு நாலு நிமிடத்துக்கு மேல் இழுத்தது ஒன்றரை நிமிடத்தில் வந்தது. கோரல்டிராவுக்கு மாறும்போது வரும் அந்த நீண்ட மௌனம் இல்லை. டிஸ்க் விளக்கு அவ்வப்போது சிமிட்டியது. பிரவுசர் மட்டும் இன்னும் மந்தம்தான். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே ஆதரவை நிறுத்திவிட்டது, குரோமும் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. பேங்க் வேலை எதையும் இந்தக் கணினியில் செய்யாதீர்கள், ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

செலவு என்று பார்த்தால் 2 ஜிபி ரேமும் இரண்டு தடவை மதுரை பஸ் கட்டணமும். புது போர்டு, பிராசசருக்குச் சொன்ன தொகையில் அது ஒரு ஓரத்துக்குக்கூடக் காணாது. அந்த 4 ஜிபி ரேமைக் கடையில் திரும்ப எடுக்கவில்லை, பில் இல்லையாம். நானே அதை வாங்கிக்கொண்டேன். அன்று சோதித்துப் பார்த்த அதே எச்61-ல் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.

பெட்டியை மூடுவதற்கு முன் பக்கவாட்டுத் தகட்டின் உட்புறத்தில் மார்க்கரால் எழுதிவைத்தேன்: 'ஜி41. டிடிஆர்3. 2+2 போதும். 4 ஜிபி போட்டே ஆக வேண்டுமானால் 2ஆர்×8, 16 சிப் மட்டும்.' அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு, கீழே தன் கையெழுத்தில் தேதியையும் போட்டார்.